தொடக்கநிலையினருக்கு இணைய உலாவி கற்பித்தல்: நான்கு வினாக்கள் வழி ஓர் அணுகுமுறை

ஆய்வுச்சுருக்கம்

இணைய உலாவி தமிழ் பயிலும் மாணவர்தம் அன்றாடக் கருவியாகிவிட்டது. எனினும் அது ஒரு பாடமாக முறையாகக் கற்பிக்கப்படுவது அரிது. எந்தப் பொத்தானை எங்கே சொடுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்விக்கும் பயிற்சி, உலாவியின் தோற்றம் மாறியதும் பயனற்றுப் போகின்றது. அதற்கு மாற்றாக, ‘எங்கே இருக்கிறேன்?’, ‘எம்மொழியில், எவ்வெழுத்தில்?’, ‘யாருக்கு எதை அனுமதித்தேன்?’, ‘எடுத்ததை எங்கே வைத்தேன்?’ என்னும் நான்கு வினாக்களைச் சுற்றி உலாவிப் பயிற்சியை அமைக்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழ்ப் பக்கங்களைப் படிப்பதிலும் தேடுவதிலும் எழும் தனிச் சிக்கல்கள் இரண்டாம் வினாவின்கீழ் விரிவாகக் கருதப்படுகின்றன.

குறிச்சொற்கள்: இணைய உலாவி, முகவரிப் பட்டை, மொழி அமைப்பு, ஒருங்குறி, பக்கத்துள் தேடல், கணித்தமிழ்க் கல்வி.

முன்னுரை

தமிழாய்வுக்கு வேண்டிய மூலங்கள் பல இன்று இணையத்தில் கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகம், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணப்படுத்தும் நூலகம் திட்டம் ஆகியவற்றை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இவற்றுள் எதனை அடைவதற்கும் வாயிலாக அமைவது உலாவியே.

வாயிலைப் பற்றிய தெளிவின்மை ஆய்விலும் வெளிப்படுகின்றது. ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர் தாம் எடுத்த செய்திக்கு மூலமாகக் ‘கூகுள்’ என்று குறிப்பதுண்டு. தேடல் முடிவுகள் தோன்றிய பக்கத்தின் முகவரியையே சான்று முகவரியாகத் தருவோரும் உளர். இதனைச் சோம்பல் என்று கடிவதால் பயனில்லை. உலாவி, தேடுபொறி, தளம் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை என்பதை அவருக்கு எவரும் காட்டவில்லை என்பதே உண்மைக் காரணமாகலாம். ஆகவே உலாவிக் கல்வி, கணினி ஆய்வகத்தின் சிறு பயிற்சி என்ற அளவில் நில்லாது, மூலங்களை மதிப்பிடும் ஆய்வு நெறியின் முதற்படியாகவும் அமைகின்றது.

உலாவியும் தேடுபொறியும்

உலாவி என்பது கணினியிலோ திறன்பேசியிலோ நிறுவப்பெற்ற மென்பொருள். அது தொலைவிலுள்ள வழங்கியிடம் ஒரு பக்கத்தைக் கேட்டுப் பெற்று, திரையில் படிக்கத்தக்க வடிவில் காட்டுகின்றது. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சபாரி ஆகியன உலாவிகள். தேடுபொறியோ உலாவியின் வழியாகத் திறக்கப்படும் தளங்களுள் ஒன்று; பிற தளங்கள் எங்குள்ளன என்று சுட்டிக்காட்டுவது அதன் பணி. நூலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டால், தேடுபொறி நூற்பட்டியலுக்கு ஒப்பாகும். தளங்கள் நூல்களுக்கு ஒப்பாகும். நூற்பட்டியலை மேற்கோள் காட்டி எவரும் ஆய்வு எழுதுவதில்லை.

இவ்வேறுபாடு மங்கியதற்கு உலாவியின் வடிவமைப்பும் ஒரு காரணம். முன்னர் முகவரிக்கு ஒரு பெட்டியும் தேடலுக்கு மற்றொரு பெட்டியும் தனித்தனியே இருந்தன. 2008இல் வெளிவந்த குரோம் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்தது. பின்னர்ப் பிற உலாவிகளும் அவ்வழியே சென்றன. அப்பெட்டியில் முழு முகவரியை இட்டால் உலாவி நேரே அத்தளத்திற்குச் செல்லும். வெறுஞ்சொல்லை இட்டால் அச்சொல்லைத் தேடுபொறிக்கு அனுப்பும். ஒரே பெட்டி இரு வேலைகளைச் செய்வதால், தொடக்கநிலையினர் இரண்டையும் ஒன்றெனக் கொள்வது இயல்பே.

பொத்தானைக் கற்பிப்பதன் குறை

டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்ன் ஆய்வு நிறுவனத்தில் முதல் உலாவியை உருவாக்கினார். 1993இல் மொசைக்கும், 1994இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டரும், 1995இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும், 2004இல் பயர்பாக்ஸின் முதற் பதிப்பும் வெளிவந்தன. இவற்றுள் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை அடிப்படையாகக் கொண்டே தமிழில் பல பயிற்சிக் குறிப்புகள் எழுதப்பட்டன. அவ்வுலாவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022 ஜூன் மாதத்தில் நிறுத்திக்கொண்டது. குறிப்புகளில் இருந்த படங்களும் பட்டிப் பெயர்களும் அத்துடன் பழையனவாயின.

பூட்டுக் குறி மற்றோர் எடுத்துக்காட்டு. ‘முகவரியின் அருகே பூட்டு இருந்தால் அத்தளம் நம்பத்தக்கது’ என்று பல்லாண்டுகள் கற்பிக்கப்பட்டது. பூட்டு உணர்த்தியது அதுவன்று. உலாவிக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுகின்றது என்பது மட்டுமே அதன் பொருள். தளத்தை நடத்துவோர் நேர்மையானவரா என்பதற்கு அது சான்றாகாது. மோசடித் தளங்களும் மறையாக்கத்தைப் பயன்படுத்துகின்றன. இத்தவறான புரிதலைக் கருதியே குரோம் 2023இல் கணினிப் பதிப்பில் பூட்டுக் குறியை நீக்கி வேறொரு குறியை இட்டது. குறியை மட்டும் கற்றவர் அன்று வழிதெரியாது நின்றிருப்பார். குறியின் பொருளைக் கற்றவருக்கு அம்மாற்றத்தால் இழப்பேதுமில்லை. எனவே எவ்வுலாவிக்கும் பொருந்தும் வினாக்களிலிருந்து பயிற்சியைத் தொடங்குவதே தக்கது.

முதல் வினா: எங்கே இருக்கிறேன்?

இவ்வினாவிற்கு விடை தருவது முகவரிப் பட்டை. முதல் வகுப்பில் தேடலைத் தவிர்த்து, கரும்பலகையில் எழுதிய முகவரியை மாணவரே எழுத்தெழுத்தாக உள்ளிடச் செய்வது நன்று. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் வேறிடம் செல்ல நேரும் என்பதை அவர்கள் தம் கையாலேயே உணர்வர்.

அடுத்து, முகவரியைப் படிக்கக் கற்பிக்க வேண்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் மூன்று நாட்டுப் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியின் ஈறாக ஏற்கப்பட்டுள்ளன. ஆதலின் விளக்கத்தைத் தமிழிலேயே தொடங்கலாம். ‘தேர்வு.கல்லூரி.இந்தியா’ என்று ஒரு கற்பனை முகவரியைக் கொள்வோம். இதன் ஈறு ‘இந்தியா’. அதற்கு இடப்புறம் உள்ள ‘கல்லூரி’ என்பதே பதிவு செய்யப்பெற்ற பெயர். ‘தேர்வு’ என்பது கல்லூரி தன்னுள் வகுத்துக்கொண்ட ஒரு பிரிவு. இதனையே ‘கல்லூரி.தேர்வு.இந்தியா’ என்று மாற்றினால், ‘தேர்வு’ என்னும் பெயரைப் பதிவு செய்த வேறொருவருடைய தளமாகிவிடும். சொற்கள் அவையே, உரிமையாளர் வேறு.

அஞ்சல் உறையில் பெயர், தெரு, ஊர், மாவட்டம் என்று சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்வது நம் வழக்கம். இணையப் பெயரும் அவ்வாறே இடமிருந்து வலமாக விரிகின்றது. ஆகவே உரிமையாளரை அறிய வலப்புற ஈற்றிலிருந்து இடப்புறம் நோக்கிப் படிக்க வேண்டும். இருபகுதி ஈறுகளும் உண்டு. ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என். என முடியும் முகவரிகள் இந்திய அரசு அமைப்புகளுக்கே வழங்கப்படுகின்றன. இத்தகைய ஈறுகளில் இரு பகுதிகளையும் சேர்த்து ஓர் ஈறாகக் கொண்டு, அதற்கு முன்னுள்ள பெயரைப் பார்க்க வேண்டும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பின் வருவன யாவும் தளத்தின் உட்பகுதிகள். அங்கு எந்த நிறுவனத்தின் பெயர் காணப்பட்டாலும் அது உரிமையைக் காட்டாது.

தேர்வுக் கட்டணம் செலுத்தவும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் மாணவர் இணையத்தையே நாடுகின்றனர். தேடல் முடிவுகளின் தலைப்பில் தோன்றும் விளம்பர இணைப்பை அலுவல்முறைத் தளமெனக் கருதிப் பணத்தையோ சான்றிதழ் விவரங்களையோ இழக்கும் வாய்ப்பு உண்டு. முகவரியைப் படிக்கும் பயிற்சி இதற்குரிய எளிய காப்பாகும். திறன்பேசியில் சில செயலிகள் இணைப்புகளைத் தமக்குள்ளேயே திறந்து காட்டுகின்றன. முகவரி முழுமையாகத் தெரியாத அந்நிலையில், அதே பக்கத்தை உலாவியில் திறந்து பார்க்கும் பழக்கத்தை உண்டாக்க வேண்டும்.

இரண்டாம் வினா: எம்மொழியில், எவ்வெழுத்தில்?

‘உலாவியைத் தமிழில் அமைத்தல்’ என்னும் தொடர் நான்கு வேறு செயல்களைக் குறிக்கின்றது. அவற்றைப் பிரித்துக் காட்டாவிடில் குழப்பமே மிஞ்சும்.

முதலாவது, இடைமுக மொழி. பட்டிகளும் எச்சரிக்கைச் செய்திகளும் எம்மொழியில் தோன்ற வேண்டும் என்பதை இது முடிவு செய்கின்றது. குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் தமிழ் இடைமுகம் உண்டு. ஆங்கிலம் பழகாத கற்போருக்கு இது பெருந்துணை. மாற்றுவதற்கு முன் பழைய மொழிக்கு மீளும் வழியைக் காட்டிவிட வேண்டும். இல்லையேல் அறியாத சொற்களுக்கிடையே சிக்கி அமைப்புப் பக்கத்தையே அஞ்சுவர்.

இரண்டாவது, விருப்ப மொழி வரிசை. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, பயனர் விரும்பும் மொழிகளின் வரிசையையும் உடன் அனுப்புகின்றது. தளம் பன்மொழி வசதி உடையதாயின் அவ்வரிசையை நோக்கித் தமிழ்ப் பக்கத்தைத் தரலாம். தமிழ்ப் பதிப்பே இல்லாத தளத்தில் இவ்வமைப்பால் எம்மாற்றமும் நிகழாது.

மூன்றாவது, உள்ளீட்டு மொழி. தமிழில் தட்டச்சு செய்வது பெரும்பாலும் இயங்குதளத்தின் அல்லது திறன்பேசி விசைப்பலகையின் பணி. உலாவியின் மொழியைத் தமிழாக்கினால் மட்டும் தமிழ் எழுத்துகள் விழா. தமிழ்99 போன்ற ஒரு விசைப்பலகையைத் தனியே நிறுவித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, தானியங்கு மொழிபெயர்ப்பு. பிறமொழிப் பக்கத்தைத் தமிழாக்கித் தருவதாக உலாவி முன்வரும்போது, ஆசிரியர் எழுதிய சொற்கள் மறைந்து பொறியின் சொற்கள் தோன்றுகின்றன. பொருளறிய இது உதவும்; மேற்கோளுக்கு உதவாது. மொழிபெயர்க்கப்பட்ட நிலையில் இருக்கிறோமா என்பதை அறிந்து மூலத்திற்குத் திரும்பும் வழியை ஆய்வு மாணவர் கட்டாயம் கற்க வேண்டும்.

மொழிக்கு அடுத்து எழுத்து. 1990களில் உருவான தமிழ்ப் பக்கங்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய தனி எழுத்துருக்களைச் சார்ந்திருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இச்சிதறலைக் களைய திஸ்கி குறியேற்றம் எழுந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பட்டன. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருப்பினும், அது பரவலாவதற்குக் காலம் பிடித்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்குரிய தரமாக ஏற்று ஆணையிட்டது. இன்றைய பக்கங்கள் பெரிதும் ஒருங்குறியில் அமைவதால் தனி எழுத்துரு தேடும் நிலை இல்லை. பழைய பக்கமொன்று குறிகளாகத் தோன்றினால், ‘பக்கம் கெட்டுவிட்டது’ என்று மாணவர் விலகக் கூடாது. அது பழங்குறியேற்றத்தில் இருக்கலாம். குறியேற்ற மாற்றியில் இட்டால் படிக்கத்தக்கதாகலாம். பழைய எழுத்துருவில் உருவான பீடிஎஃப் கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தும், படியெடுத்து ஒட்டும்போது குறிகளாக மாறுவதும் இதனாலேயே.

எழுத்தின் அளவையும் இங்கே கற்பிக்கலாம். குரோமில் இயல்பான எழுத்தளவு 16 படப்புள்ளி. சுழிகளும் கொம்புகளும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இது சிலருக்குப் போதாது. அமைப்பில் எழுத்தளவைக் கூட்டலாம். ஒரு தளத்திற்கு மட்டும் வேண்டுமெனில் கண்ட்ரோல் விசையுடன் கூட்டற்குறி விசையை அழுத்தலாம்.

பக்கத்துள் தேடுதல் தமிழ் ஆய்வாளருக்கு மிகுபயன் தருவது. கண்ட்ரோல் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் தேடற்பெட்டி தோன்றும். திறன்பேசியில் உலாவியின் பட்டியில் இவ்வசதி இருக்கும். உலாவி இலக்கணம் அறியாது; இட்ட எழுத்துத் தொடரை மட்டுமே ஒப்பிடும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ அகப்படாது. ‘மர’ என்று தேடினால் இரண்டும் அகப்படும், ‘மரபு’ம் உடன்வரும். ‘நாடு’ என்று தேடுபவர் ‘நாட்டில்’, ‘நாட்டை’ ஆகியவற்றுக்கு ‘நாட்’ என்று மறுமுறை தேட வேண்டும். வேற்றுமை ஏற்கும்போதும் புணர்ச்சியிலும் திரியாது நிற்கும் பகுதியை அறிந்து தேடுவதே வழி. இலக்கண வகுப்பில் கற்ற பகுபத அறிவு இங்கே நேராகப் பயன்படுகின்றது.

ஒத்த தோற்றமுடைய எழுத்துகளும் தேடலை ஏமாற்றும். ‘ஔவை’ என்பதை ‘ஔ’ என்னும் ஓரெழுத்தால் தொடங்காமல் ‘ஒ’, ‘ள’ என்னும் ஈரெழுத்துகளால் தட்டச்சு செய்வோர் உண்டு. திரையில் வேறுபாடு அரிதாகவே தெரியும்; உலாவிக்கு அவை இரு வேறு சொற்கள். மேலும், பக்கம் அச்சுநூலின் படிமமாக மட்டும் இருப்பின் அதில் தேட எழுத்தே இராது. ‘இச்சொல் இந்நூலில் இல்லை’ என்று முடிவு கூறுமுன் இவற்றையெல்லாம் சரிபார்க்க வேண்டும். தேடலில் அகப்படாமை இன்மைக்குச் சான்றன்று.

மூன்றாம் வினா: யாருக்கு எதை அனுமதித்தேன்?

தளங்கள் இருப்பிடம், ஒளிப்படக்கருவி, ஒலிவாங்கி ஆகியவற்றைப் பயன்படுத்தவும் அறிவிப்புகளை அனுப்பவும் அனுமதி கேட்கின்றன. பக்கத்தை மறைத்து நிற்கும் கேள்வியை அகற்றும் விரைவில் தொடக்கநிலையினர் ‘அனுமதி’ என்பதையே அழுத்துகின்றனர். பின்னர் விளம்பர அறிவிப்புகள் திரையில் குவியும்போது கணினியில் நச்சுநிரல் புகுந்ததென அஞ்சுவதும் உண்டு. கொடுத்த அனுமதி தளவாரியாக அமைப்பில் பதிவாகியிருக்கும். அதை எப்போதும் திரும்பப் பெறலாம். கொடுத்த ஓர் அனுமதியைத் தேடி நீக்குவதையே வகுப்புப் பயிற்சியாக வைத்தால் அச்சம் நீங்கும். உலாவியில் சேர்க்கப்படும் நீட்சிகளுள் பல, பார்க்கும் பக்கங்களின் உள்ளடக்கத்தைப் படிக்க உரிமை பெறுகின்றன. தேவையற்றவற்றை நீக்குவது நன்று.

கல்லூரி ஆய்வகம் போன்ற பொதுக் கணினிகளில் கூடுதல் கவனம் வேண்டும். கீற்றை மூடுவது கணக்கிலிருந்து வெளியேறுதல் ஆகாது. குக்கீ எனப்படும் சிறு தரவு உலாவியில் தங்கியிருப்பதால், அடுத்து அமர்பவர் அதே கணக்கினுள் நுழைய இயலும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று உலாவி கேட்டால் மறுக்க வேண்டும். மறைநிலைச் சாளரத்தைத் திறந்து பணிமுடித்து, எல்லா மறைநிலைச் சாளரங்களையும் மூடினால் வரலாறும் குக்கீகளும் அக்கணினியில் தங்கா. ஆயினும் மறைநிலை முழு மறைவன்று. சென்ற தளமும், நிறுவனத்தின் வலையமைப்பை நிருவகிப்போரும் அவ்வருகையை அறியக்கூடும். பதிவிறக்கிய கோப்புகளும் கணினியிலேயே இருக்கும்.

நான்காம் வினா: எடுத்ததை எங்கே வைத்தேன்?

பதிவிறக்கிய கோப்பு எங்கே சென்றதென அறியாமல் ஒன்றையே பன்முறை பதிவிறக்குவது தொடக்கநிலையினரிடம் காணப்படும் பொதுவான இடர்ப்பாடு. ‘ஒவ்வொரு கோப்பையும் எங்கே சேமிப்பதெனக் கேள்’ என்னும் பொருளுடைய அமைப்பு குரோமிலும் பயர்பாக்ஸிலும் உண்டு. அதனை இயக்கிவிட்டால், கோப்பிற்குப் பொருத்தமான பெயரிட்டு உரிய உறையில் வைக்கும் பழக்கம் தானே வரும்.

மீண்டும் காண வேண்டிய பக்கத்தைப் புத்தகக்குறியாகச் சேர்க்கலாம். அது பக்கத்தின் படியன்று, முகவரி மட்டுமே. தளம் நீங்கினால் குறியும் பயனிழக்கும். ஆகவே ஆய்வுக்குரிய பக்கத்திற்குப் புத்தகக்குறி, சேமித்த படி, முழு முகவரி, பார்த்த நாள் ஆகிய நான்கும் வேண்டும். முகவரியைக் கையால் எழுதாது பட்டையிலிருந்து படியெடுத்தல் நலம். அவ்வாறு எடுத்ததை ஒருமுறை படித்துப் பார்த்தால், அது மூலத் தளத்தின் முகவரியா, தேடுபொறியின் முகவரியா என்பது உடனே புலப்படும். முன்னுரையில் சுட்டிய சான்றுப் பிழை இவ்விடத்தில் களையப்படுகின்றது.

வகுப்பு ஒழுங்கும் மதிப்பீடும்

ஒரு வகுப்புக்கு ஒரு வினா என நான்கு வகுப்புகளும், தொகுத்துப் பயில ஒரு வகுப்புமாக ஐந்து வகுப்புகளில் இப்பாடத்தை முடிக்கலாம். மாணவரிடையே வெவ்வேறு உலாவிகள் இருப்பது குறையன்று. ஒரே அமைப்பு ஓர் உலாவியில் மூன்று புள்ளிகளின்கீழும் மற்றொன்றில் மூன்று கோடுகளின்கீழும் இருப்பதை ஒப்பிட்டுக் காண்பது, பெயரும் இடமும் மாறினும் பொருள் மாறாதென்பதை உணர்த்தும். ஆசிரியர் தாமே சுட்டியைப் பிடித்துச் செய்து காட்டுவதைக் குறைத்து, வழியைச் சொல்லி மாணவர் செய்வதைப் பார்த்திருப்பது ஏற்றது.

மதிப்பீட்டில் வரையறை கேட்பதைவிடச் செயல் கேட்பது தக்கது. தரப்பட்ட மூன்று முகவரிகளின் உரிமையாளரைக் கூறல், இடைமுகத்தைத் தமிழாக்கி மீண்டும் பழைய நிலைக்குக் கொணர்தல், ஒரு பாடப்பகுதியில் ஒரு சொல்லின் எல்லா வடிவங்களையும் தேடி எண்ணுதல், அளித்த அனுமதியொன்றை நீக்குதல், ஒரு நூலைப் பதிவிறக்கி அதன் இருப்பிடத்தையும் மூல முகவரியையும் எழுதுதல் ஆகிய ஐந்தும் செய்தவர் உலாவியைக் கற்றவராவார்.

முடிவுரை

உலாவியின் பொத்தான்கள் மாறிக்கொண்டேயிருக்கும். இடம், மொழி, அனுமதி, சேமிப்பு ஆகிய நான்கைப் பற்றிய வினாக்கள் மாறுவதில்லை. இவ்வினாக்களைக் கேட்கப் பழகியவர் புதிய உலாவியைக் கண்டாலும் தாமே வழிகாண்பர்.

தமிழ் கற்போருக்கு இப்பயிற்சியில் தனியிடம் உண்டு. குறியேற்ற வரலாறு அறியாதவர் பழைய மின்பதிப்புகளை இழப்பர். சொல்லின் திரியாப் பகுதியை அறியாது தேடுபவர் உள்ளதை இல்லையென்பர். முகவரியைப் படிக்கத் தெரியாதவர் பட்டியலையே நூலெனக் காட்டுவர். கணினித் துறையினர் இவற்றைக் கற்பிக்கட்டும் என்று தமிழ்த்துறை ஒதுங்குவதற்கில்லை. புணர்ச்சியறிந்து தேடவும் மூலமறிந்து மேற்கோள் காட்டவும் கற்பிக்கும் கடமை தமிழாசிரியருடையது. முதலாண்டு மாணவரின் ஆய்வு நெறிமுறைப் பாடத்திலேயே இவ்வைந்து வகுப்புகளுக்கும் இடமளித்தல் வேண்டும்.